டெபியன் 13-க்கு ஏறியதும் படுத்துக்கொண்ட வென்வ்கள்

வீட்டில் சர்வராக ஓடும் பழைய லேப்டாப்பை டெபியன் லினக்ஸ் 12-இலிருந்து 13-க்கு ஏற்றினேன். டெபியனின் பேக்கேஜ் மேலாளரான ஆப்ட் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. சோர்சஸ் கோப்பில் புக்வார்ம் (12-இன் பெயர்) என்றிருந்ததை டிரிக்ஸி (13-இன் பெயர்) ஆக்கி, அப்டேட், ஃபுல்-அப்கிரேடு, ரீபூட், முடிந்தது. வேலை வைத்தது பைத்தான் பேக்கேஜ்கள்தான்.

12 வந்ததிலிருந்தே டெபியனில் பைத்தான் பேக்கேஜ் நிறுவ வெறும் பிப் இன்ஸ்டால் அடித்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' (இதை ஆப்ட் பார்த்துக்கொள்கிறது) என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பலருக்கு இது எரிச்சல், எனக்கு இல்லை. சூடோ (அட்மின் உரிமை) போட்டு பிப் நிறுவுவது யுஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள் போய் உட்காரும், ஆப்ட் நிறுவியதைத் தேடுவதற்கு முன்னால் பைத்தான் அங்கேதான் தேடும், அதனால் நம் சின்ன நிரலுக்காகப் போட்ட புது ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை ஆப்ட் வழி வந்த, இணையதளச் சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட்டும் எடுத்துக்கொள்ளும். சான்றிதழ் புதுப்பிக்கும் நேரத்தில் அது மக்கர் செய்தால் காரணம் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். பிப்பின் மறுப்பை மீறி நிறுவ ஒரு ஆப்ஷன் உண்டு, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் விவரமானவர்.

ஆகவே எல்லாம் தனித்தனி வென்வில்தான் (ஒவ்வொரு நிரலின் பேக்கேஜ்களையும் பிரித்து வைக்கும் ஃபோல்டர்) வைத்திருந்தேன். நிரல்களை நேரம் வைத்து ஓட்டும் கிரானில், வென்வை ஆக்டிவேட் செய்வதெல்லாம் வேண்டாம், வென்வின் 'bin' ஃபோல்டரில் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும்.

ஏற்றி முடித்ததும் எல்லா நிரல்களும் 'மாட்யூல் நாட் ஃபவுண்டு' என்றன. வென்வுக்குள் இருக்கும் பைத்தான் தனி நகல் இல்லை, சிஸ்டம் பைத்தானைக் காட்டும் ஒரு சிம்லிங்க் (சுட்டி). சிஸ்டம் 3.11-இலிருந்து 3.13 ஆனதும் அது 'பைத்தான்3.13' என்ற ஃபோல்டரைத் தேடுகிறது, பேக்கேஜ்கள் இருப்பதோ 'பைத்தான்3.11' ஃபோல்டரில். பிப்பும் அதே பழைய ஃபோல்டரில் மாட்டிக்கொண்டதால் வென்வுக்குள் நின்று பட்டியல்கூட எடுக்க முடியாது.

இங்கே கைகொடுத்தது சிஸ்டம் பிப். நிறுவத்தான் மறுக்கும், பட்டியல் தாராளமாகத் தரும். பிப் லிஸ்ட்டுடன் --பாத் கொடுத்து பழைய சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக வருகிறது. --நாட்-ரிக்வயர்டு சேர்த்தால் இன்னொன்றுக்குத் துணையாக வந்தவை கழிந்து, நாமாகக் கேட்டு நிறுவியவை மட்டும் (கூடவே பிப், செட்அப்டூல்ஸ்) நிற்கும். அவற்றின் பெயர்களை மட்டும் எடுத்தேன். பிப் ஃப்ரீஸ் தரும் பதிப்பு எண்களை அப்படியே கொண்டுபோனால் கணக்கு லைப்ரரியான நம்பை 1.24 மாதிரி பழசுகளுக்கு 3.13-க்கான வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) கிடைக்காது, சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யக் கிளம்பி நடுவழியில் நிற்கும். 3.13-க்கு நம்பை 2.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

அப்புறம் பழைய வென்வை அழித்து, புதிதாக உருவாக்கி, பெயர்ப் பட்டியலைக் கொடுத்தேன், நிரல்கள் எழுந்துவிட்டன. பிப்எக்ஸ் (ஒவ்வொரு பைத்தான் செயலியையும் தனி வென்வில் நிறுவும் கருவி) வழி நிறுவியவற்றுக்கு இந்தப் பாடும் இல்லை, பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல் ஒன்றே எல்லாவற்றையும் புது பைத்தானில் கட்டிக் கொடுத்துவிட்டது.

முரண்டு பிடித்தது ஒன்றே ஒன்று, ரவுட்டரோடு பேசும் குட்டி நிரல். அது டெல்நெட் வழி பேசப் பயன்படுத்திய டெல்நெட்லிப் மாட்யூலை 3.13-இல் பைத்தானிலிருந்தே தூக்கிவிட்டார்கள், சிஜிஐ, கிரிப்ட் மாட்யூல்களும் அதோடு போயின. இப்போதைக்கு பைத்தான் பேக்கேஜ் கிடங்கான பைபிஐயில் கிடைக்கும் ஸ்டாண்டர்ட்-டெல்நெட்லிப்பை அதன் வென்வில் போட்டு ஓட்டுகிறேன். ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது அதற்கு மாற்றி எழுத வேண்டும்.