ஜெஃப்ரியோன் செய்த குற்றம்

மான்ட்ரியலில் அட்வாட்டர் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் ஒரு பெரிய திரையரங்க வளாகம் தெரியும். விஷயம் தெரியாதவர்கள் படம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கனடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1926-இலிருந்து 1996 வரை ஆடிய ஃபோரம் அரங்கம் இதுதான். முழுதாக இடிக்காமல் மாற்றிக் கட்டிவிட்டார்கள். பழைய பனித்தளத்தின் மைய வட்டத்தைத் தரையில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பாப்கார்ன் வாளியோடு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

2023 பிப்ரவரியில் நாங்கள் போனபோது கடும் குளிர். கூட்டிப்போனவர் பார்க் எக்ஸ்டென்ஷனில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர். அந்தப் பகுதியில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வந்த எனக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தே தீருவது என்று முடிவு செய்திருந்தார். அந்தப் பாடத்தில் என் மனதில் ஒட்டிக்கொண்டது, இந்த அணியின் பழைய வீரர் பெர்னார்ட் ஜெஃப்ரியோனின் கதை.

அணி தொடங்கியது 1909 டிசம்பரில். இந்த அணி ஆடும் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.ஹெச்.எல்., பிறந்ததே 1917-இல்தான், அதாவது லீகைவிட அணிக்கு வயது அதிகம். லீகின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கடைசிக் கோப்பை 1993-இல். 2021-இல் இறுதிச்சுற்று வரை போய் டாம்பா பேயிடம் தோற்றார்கள். பிரெஞ்சு பேசுபவர்களுக்கு ஓர் அணி வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது என்பதால், தொடக்கத்திலிருந்தே இது வெறும் விளையாட்டாக இருந்ததில்லை.

அந்த உணர்வின் உச்சம் மொரீஸ் ரிச்சர்ட், 9-ஆம் எண் சட்டை. 1944–45-இல் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். அதற்கு முன் யாரும் ஒரே சீசனில் 50 அடித்ததில்லை. 'ராக்கெட்' என்பது பட்டப்பெயர். கோபமும் அந்த வேகத்தில்தான் வரும். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் எதிரணி வீரர் ஹால் லேகோவின் மட்டை தலையில் பட்டு ரத்தம் கொட்டியது. ரிச்சர்ட் திருப்பி மட்டையாலேயே அடித்தார், தடுக்க வந்த துணை நடுவரையும் குத்திவிட்டார். லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல், மிச்சமிருந்த 3 லீக் ஆட்டங்களுக்கும் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் முழுவதற்கும் தடை போட்டார். கேம்பெல் ஆங்கிலம் பேசுபவர். ஊரில் முதலாளிகள் ஆங்கிலம் பேசுபவர்கள், தொழிலாளிகள் பிரெஞ்சு பேசுபவர்கள் என்றிருந்த காலம் அது. மொழியும் மானமும் விளையாட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 17 அன்று, ஃபோரத்தில் டெட்ராய்ட் அணியோடு ஆட்டம். கேம்பெல் வராமல் இருந்திருக்கலாம். வந்தார், அதுவும் ஆட்டம் தொடங்கிய பிறகு எல்லோர் கண்ணிலும் படும்படி. தக்காளியும் முட்டையும் பறந்தன. யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டை வீச, அரங்கம் காலியானது. ஆட்டம் டெட்ராய்டுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். வெளியே செயிண்ட் கேத்தரீன் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, சூறையும் நடந்தது. மறுநாள் ரிச்சர்டே வானொலியில் பேசி, அமைதியாக இருங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் பிடித்திருந்தது. தடை விழுந்தபோது லீகில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்திருந்தவர் ரிச்சர்ட், 74. சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டத்தை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட வென்றதில்லை. அதே அணியில் 5-ஆம் எண் போட்ட பெர்னார்ட் ஜெஃப்ரியோன், மிச்ச ஆட்டங்களில் தன் வேலையைத்தான் செய்தார். 75-இல் முடித்தார், பட்டம் அவருக்குப் போனது. சொந்த ஊர்க் கூட்டம் சொந்த வீரனைப் பார்த்துக் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது! அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வேண்டுமென்றே கோலைத் தவறவிட்டிருக்க வேண்டுமா?

அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. மட்டையைப் பின்னால் ஓங்கி, பக் எனப்படும் ரப்பர் வட்டை அறையும் ஸ்லாப்ஷாட்டைப் பிரபலப்படுத்தியவர். அந்த அடியின் சத்தத்தால்தான் 'பூம் பூம்' என்ற பெயர். ரிச்சர்டுக்கு அடுத்து ஒரு சீசனில் 50 கோலைத் தொட்டவரும் இவரே, 1960–61-இல். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 கோப்பைகள் வென்ற அணியில் ரிச்சர்ட், அவர் தம்பி ஆன்ரி, ஜான் பெலிவோ, முகமூடி போட்டு ஆடியே தீருவேன் என்று 1959-இல் அடம்பிடித்த கோல்கீப்பர் ஜாக் பிளான்ட், எல்லோரோடும் இவரும் இருந்தார்.

இந்த ஊர் அப்படித்தான். 1995 டிசம்பர் 2 அன்று டெட்ராய்ட் 11–1 என்று நொறுக்கியது. அன்று 9 கோல் விட்ட கனடியன்ஸ் கோல்கீப்பர் பாட்ரிக் ரூவா, ஒரு சுலபமான அடியைத் தடுத்தபோது கூட்டம் கேலியாகக் கைதட்டியது. இரண்டே வருடம் முன்பு கோப்பை வாங்கித் தந்தவர் அவர். வெளியே வந்ததும், பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அணி நிர்வாகத்தின் தலைவரிடம், இதுதான் இங்கே என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். சில நாளில் கொலராடோவுக்கு மாற்றப்பட்டு, அந்த சீசனிலேயே அங்கே கோப்பையும் வென்றார். "அண்ணை, இஞ்ச வெண்டா தலையில தூக்கி வைப்பினம், கோல் விட்டா அண்டைக்கே கதை முடிஞ்சுது" என்றார் நண்பர்.

பெல் சென்டர் இப்போதைய அரங்கம். ஃபோரத்திலிருந்து கிழக்கே நடந்தே போகலாம், ஆனால் அந்தக் குளிரில் மெட்ரோதான் புத்திசாலித்தனம். அப்போது 21,105 இருக்கைகள். டிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்பதால் விட்டுவிடுகிறேன். எங்களுக்குக் கிடைத்தது கூரையோரம். அதில் ஒரு லாபம், ஓய்வு கொடுக்கப்பட்ட, அதாவது பெரிய வீரர்களின் நினைவாக இனி யாருக்கும் தராத, சட்டை எண்களின் பதாகைகள் பக்கத்தில் தெரிந்தன. 15 எண்கள், 18 வீரர்கள். அதில் 5-ஐயும் 7-ஐயும் காட்டி நண்பர் சொன்னது இது.

7-ஆம் எண் ஹோவி மோரென்ஸுடையது. 1937 ஜனவரியில் ஃபோரத்தில் ஆடும்போது அவர் கால் உடைந்தது. மார்ச்சில் மருத்துவமனையில் இறந்தார், வயது 34. உடலை ஃபோரத்தின் நடுவில் வைத்து இறுதிச் சடங்கு செய்தது மார்ச் 11 அன்று. அவர் மகள் மார்லீனைத்தான் ஜெஃப்ரியோன் கல்யாணம் செய்துகொண்டார். 1996 மார்ச் 11, ஃபோரத்தில் கடைசி ஆட்டம். அன்று ரிச்சர்டுக்காக எழுந்து நின்ற கூட்டம் பல நிமிடம் கைதட்டலை நிறுத்தவே இல்லை. பத்து வருடம் கழித்து, 2006-இல் அதே மார்ச் 11-இல், ஒரு காலத்தில் கூச்சலிட்ட அதே ஊர் ஜெஃப்ரியோனின் 5-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்க ஏற்பாடு செய்தது. அன்று காலையிலேயே அட்லாண்டாவில் அவர் புற்றுநோயால் இறந்துபோனார். விழாவை நிறுத்தவில்லை. மாமனாரின் 7-ஐப் பாதி கீழே இறக்கி, மருமகனின் 5-ஐயும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக மேலே ஏற்றினார்கள்.

ஜெஃப்ரியோனின் பேரன் பிளேக் ஜெஃப்ரியோன் 2012-இல் கனடியன்ஸுக்கு வந்தபோது 57-ஆம் எண்ணைக் கேட்டு வாங்கினார். 5-உம் 7-உம்தான் ஓய்வில் இருக்கின்றனவே. அந்த நவம்பரில், அப்போது துணை அணியாக இருந்த ஹாமில்டனுக்காக இதே பெல் சென்டரில் ஆடும்போது மோதலில் மண்டை ஓட்டில் எலும்பு முறிந்தது. அவசர அறுவைச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருடம், 25 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டு கொலம்பஸ் அணிக்கு வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையில் சேர்ந்தார்.