பட்டிக்கு அடியில் இருந்த துரு

எங்கள் வீட்டுச் சிவப்பு மாருதி 800, 1998-ஆம் ஆண்டில் அப்பா வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் இடப்பக்க முன் ஃபெண்டர், அதாவது சக்கரத்தை மூடும் தகடு, தூணில் உரசி நசுங்கியபோது, ஒரு பட்டறையில் விட்டு டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்து வாங்கினோம். வந்த அன்று கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த ஐப்பசி மழை ஓய்வதற்குள் சக்கர வளைவுக்கு மேலே கடுகு கடுகாகக் கொப்புளங்கள் எழும்பின. அதில் ஒன்றை நகத்தால் கீறியபோது பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி ஈரம் காயாமலும், அதற்கும் அடியில் காவி நிறத் துருவும் இருந்தன.

இதற்கான காரணம் எளிது. டப்பாவில் வரும் பாலியஸ்டர் பட்டி காய்ந்த பிறகும் நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தூசி பறக்காமலிருக்கவும் வேலை வேகமாக முடியவும் அதன்மேல் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது பல இடங்களில் வழக்கம். அந்த ஈரம் போவதற்குள் பிரைமர் என்ற அடிப்பூச்சும் அதன்மேல் நிறமும் ஏறிவிட்டால், உள்ளே அகப்பட்ட நீர் தகட்டைத் தின்னத் தொடங்குகிறது. நான்கு வண்டிகள் வரிசையில் நிற்கும் பட்டறைக்கு ஒரு ஃபெண்டரை ஒரு வாரம் சும்மா வைத்திருக்க இயலாது என்பது எனக்குப் புரிகிறது. என்னிடம் தூசி புகாத பெயிண்ட் பூத்தோ சூடேற்றும் அறையோ தேர்ந்த கையோ இல்லை. ஆனால் நாட்கள் இருந்தன. அதை நம்பித்தான் நானே செய்யத் துணிந்தேன்.

இந்த வண்டியின் முன் ஃபெண்டர் வெல்டிங் செய்யப்பட்டதன்று, போல்ட்டுகளில் மாட்டியது. கழற்றியபோது உட்புற மடிப்பில் பல ஆண்டுச் சேறு கட்டியாக உறைந்திருந்தது. அந்தச் சேற்றைச் சுரண்டி எடுக்காமல் வெளிப்புறத்தை மட்டும் அழகுபடுத்தினால் துரு உள்ளிருந்து மறுபடியும் வரும் என்பதால், முதல் இரண்டு நாட்களும் கம்பி பிரஷ்ஷும் கையுமாக உட்புறத்திலேயே கழிந்தன. பிறகு பழைய பட்டி முழுவதையும் நீக்கி, துருப்பிடித்த இடத்தை வெள்ளைவெளேரென்று வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் பூசி, கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றே எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் பூசினேன். வெறும் தகட்டை ஓர் இரவு திறந்து வைத்தால் பனியிலேயே மீண்டும் துரு பூத்துவிடும்.

பட்டியில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலக்கும் அளவை நூறு கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம் என்பார்கள். தராசு இல்லையென்றால் எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் என்று வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால் அதிலுள்ள பெராக்சைடு மேலே கசிந்து நிறத்தில் கறை வரும். தேய்ப்பது முழுக்க உலர் தேய்ப்புதான்: 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று போனேன். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். மேடு பள்ளம் பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினால், கண்ணுக்குத் தட்டுப்படாத அலையும் கைக்குத் தெரியும்.

தேய்த்துச் சமப்படுத்துவதற்கான தடித்த பூச்சான பிரைமர் சர்ஃபேசரை அடித்த பின் பத்து நாட்கள் அதைத் தொடவே இல்லை. தின்னர் ஆவியாக ஆவியாக அந்தப் பூச்சு சுருங்கிக்கொண்டே இருக்கும். சுருங்கி முடிவதற்குள் தேய்த்து நிறம் ஏற்றினால், உள்ளே இருந்த கீறலும் பட்டியின் விளிம்பும் சில மாதங்களில் மேலே வரைபடம்போல் தெரியும். பத்தாம் நாள் கறுப்பு பெயிண்ட்டைப் புகைபோல் லேசாகத் தூவி, 400-ஆம் நம்பர் தாளால் கட்டை வைத்துத் தேய்த்தேன். மேடுகளில் கறுப்பு போய்விட, சக்கர வளைவுக்கு மேலே புளியங்கொட்டை அளவில் ஒரே ஒரு கறுப்புத் தீவு மிஞ்சியது. அது பள்ளம். அதற்கு மட்டும் பட்டி வைத்து மறுபடியும் முதலிலிருந்து வந்தேன்.

நிறத்துக்கு அலைந்தது தனிக் கதை. கலர் கலக்கும் கடைக்காரர், “கலர் நம்பரை வெச்சுக் கலக்கினா புது வண்டிச் சிவப்புதான் வரும். பெட்ரோல் மூடியைக் கழட்டிக் கொண்டு வாங்கண்ணா,” என்றார். வெயிலில் வெளுத்த மேல்தோலைக் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டு நீக்கிய பிறகுதான் அந்த மூடியைக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வெளுப்புக்குப் பொருத்தமான நிறம் கிடைக்கும். சிவப்பு அடிநிறத்தை எளிதில் மறைக்காது என்பதையும் சோதித்துப் பார்த்தேன். பிஸ்கட் டின் மூடி ஒன்றில் பாதிக்குச் சாம்பல் பிரைமரும் பாதிக்கு வெள்ளைப் பிரைமரும் பூசி, மேலே இரண்டு கோட் அடித்தபோது, சாம்பல் பக்கம் கறுத்த சிவப்பாகவும் வெள்ளைப் பக்கம் பளீரென்றும் நின்றது. எங்கள் கதவின் நிறத்துக்குச் சாம்பல் பக்கமே நெருங்கி வந்தது.

பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் நீண்ட காலம் உழைக்கும். ஆயினும் நான் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டைத்தான் எடுத்தேன். பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சில் போய் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர் சிறு அளவும் தாங்காது. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை யாரும் அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்.சி.யும் பாலும் தேனும் அன்று. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி கட்டாயம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும் என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் அணைந்திருக்க வேண்டும். மரவேலைக்காரர்கள் இன்றும் சொல்கிற ‘டூக்கோ’ இந்த வகைப் பெயிண்ட்டுக்கு 1920-களில் டூபாண்ட் நிறுவனம் வைத்த பெயர்தான்; வாரக்கணக்கில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த கார்த் தொழிலை அது நாள்கணக்குக்குக் கொண்டுவந்தது.

கோயம்புத்தூரில் ஆடி மாதம் இந்த வேலைக்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிப் பூசிவிடும். மாசியில், பனி உலர்ந்த பத்து மணிக்குத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்கினேன். ஸ்ப்ரே கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முந்தைய வரியில் பாதியை மறைத்தபடி அடுத்த வரியை இழுத்தேன். மூன்றாவது கோட்டை மட்டும் ஆசைப்பட்டு மேகமூட்டமான மாலையில் அடித்தேன். கண்ணெதிரே சிவப்பின்மேல் சாம்பல் பூத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. மறுநாள் உச்சி வெயிலில் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைத் தூவியதும் பூச்சு சற்றே கரைந்து மீண்டும் படிந்தது, வெளுப்பு மறைந்தது.

இரண்டு வாரம் கழித்து 1500-ஆம் நம்பர் வாட்டர் பேப்பராலும் காம்பவுண்டாலும் தேய்த்து, விளிம்புகளை மட்டும் தொடாமல் விட்டு, ஃபெண்டரை மாட்டினேன். வந்த மழைக்காலம் முழுவதும் கொப்புளம் எதுவும் எழவில்லை. வெயிலில் கதவோடு ஒன்றிப்போகும் அந்தச் சிவப்பு, தெருவிளக்கின் கீழ் மட்டும் இம்மியளவு வேறாகத் தெரிகிறது. கலவையிலுள்ள நிறமிகள் வேறென்றால் ஒரு வெளிச்சத்தில் பொருந்துவது இன்னொன்றில் பிரியும். கதவின் கீழ்விளிம்பிலும் துரு தொடங்கியிருக்கிறது. மீதமுள்ள பெயிண்ட்டை மூடி இறுக்கி, தேதி எழுதி, அடுத்த மாசிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.