முகம் சின்னதாக இருந்த படம்

இன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன்.

வாங்கிப் பார்த்தால் என் முகம் நகம் அளவுக்குத்தான் இருந்தது. பின்னால் இருந்த மரம், படிக்கட்டு, மேகம் எல்லாம் முழுசாக.

நான் எடுத்திருந்தால் முகமே படத்தை நிறைத்திருக்கும்.

உளவியலாளர் தகாஹிகோ மசுதா ஞாபகத்துக்கு வந்தார். சக ஆய்வாளர்களோடு அவர் ஓவியங்களை அளந்தே பார்த்தார். 2008-இல் வெளியான ஆய்வு. கிழக்காசிய உருவப்படங்களில் ஆள் சிறியது, சுற்றுப்புறம் பெரியது. மேற்கத்திய ஓவியங்களில் நேர்மாறு. நிலக்காட்சிகளில் தொடுவானக் கோடுகூட கிழக்காசிய ஓவியங்களில்தான் உயரத்தில் இருந்தது.

அப்புறம் இன்றைய அமெரிக்க, கிழக்காசிய மாணவர்களிடம் கேமராவைக் கொடுத்து ஒருவரைப் படமெடுக்கச் சொன்னார்கள்.

அதிலும் அதே வித்தியாசம்!

தூரிகை பிடிக்காத கைகளிலும் அந்தப் பழைய ஓவியர்களின் கண். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

வித்தியாசம் மட்டுமே கதை இல்லை. ஆய்வாளர்கள் இர்வின் சைல்டும் லியோன் சிரோட்டோவும் மத்திய ஆப்பிரிக்காவின் பாக்வேலே மக்களிடம் அவர்களுடைய முகமூடிகளின் படங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்டார்கள். அமெரிக்கக் கலை வல்லுநர்களிடமும் அதே கேள்வி. இரு தரப்பின் தேர்வுகளும் குறிப்பிடத்தக்க அளவு ஒத்துப்போயின. 1965-இல் வெளியான ஆய்வு இது.

சரி, இன்றைய படத்துக்கு வருகிறேன். அதை அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது என் தலைக்கு மேலே, கிளையில் ஒரு பறவை.

அங்கே நின்றபோது நான் அதைப் பார்க்கவே இல்லை.