இடது சேனலின் கரகரப்பு

ஜூன் 6
ஒரு வாரமாகவே காதை உறுத்துகிறது. சத்தமாக வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்டால்தான் இடது பக்கம் குரலின் ஓரத்தில் மணல் உரசுவது மாதிரி ஒரு கரகரப்பு. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டேன், கரகரப்பு வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. அவற்றைப் பழையபடி போட்டு இன்புட் வயர்களை மாற்றினால் நகரவில்லை. அப்படியானால் ஆம்ப்ளிஃபையரின் இடது சேனல்தான். பயாஸ் மேல் சந்தேகம், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடவேண்டிய சின்னக் கரன்ட். அது குறைந்தால் மெல்லிய சத்தத்தில்தான் கரகரப்பு தெரியும்.

ஜூன் 7
பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் 45 வோல்ட் நிற்கிறது. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு நிமிடம் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். அளக்க கிளிப் வயர்தான், முனை வழுக்கினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஸ்பீக்கர், இன்புட் எதுவும் இல்லாமல் முதலில் சீரிஸ் பல்பு (கரன்ட்டை மட்டுப்படுத்த வரிசையில் கோத்த பல்பு) வழியாக ஆன் செய்தேன், பளிச்சென்று எரிந்து மங்கியது, ஷார்ட் இல்லை. அப்புறம் நேரடி மின்சாரத்தில், அவுட்புட் டிரான்சிஸ்டரின் கரன்ட் ஓடும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்றின் குறுக்கே வலதில் 10.6 மில்லிவோல்ட், இடதில் 1.5. சர்வீஸ் மேனுவல் கேட்பது 11, அதாவது 50 மில்லிஆம்பியர்.

ஜூன் 9
பயாஸை வைக்கும் பிரீசெட்டின் (திருகி ஓம் மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) தடம் கறுத்திருந்தது. அது பயாஸைக் கட்டுப்படுத்தும் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் தொடர்பு கெட்டு ஓம் கூடினால் பயாஸ் இறங்கும். மாறாக கலெக்டர் பக்கம் வைத்திருந்தால் ஏறி டிரான்சிஸ்டர்களையே எரித்திருக்கும், நல்ல வடிவமைப்பு. 25 சுற்று பிரீசெட் போட்டு, 11 மில்லிவோல்ட்டுக்கு வைத்தேன். அரை மணி நேரத்தில் 19! பின்னுக்குத் திருப்பி அணைத்தேன்.

ஜூன் 10
நேற்று திருப்பிக்கொண்டே இருந்தது தப்பு. டிரான்சிஸ்டர் சூடாகும்போது அதே கரன்டுக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் போலக் குறையும், அதை ஈடுகட்டத்தான் பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டியிருக்கிறார்கள். கழற்றினால் நடுவில் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் பொடியாக உதிர்ந்தது. சூடு அதற்குப் போய்ச் சேரவே இல்லை, பிரீசெட்டை என்ன திருப்பினாலும் நிற்காது. துடைத்து, புது மைக்கா, மெல்லிசாகப் பேஸ்ட், திருகை இறுக்கினேன். திறந்ததுதான் திறந்தோம் என்று இரண்டு பக்கமும் இன்புட் எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டேன். 47 கிலோ ஓம் இன்புட்டுக்கு, கீழ் ஒலி குறையத் தொடங்கும் வெட்டு 1.5 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, பாட்டின் கீழ் ஒலி குறையாது.

ஜூன் 11
மூடியை மேலே வைத்து 30 நிமிடம், அப்புறம் திருகல், மறுபடி காத்திருப்பு. இடது 11.1, வலது 10.9, ஒரு மணி நேரம் கழித்தும் அரை மில்லிவோல்ட்டுக்கு மேல் அசையவில்லை. அவுட்புட்டில் டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதபோதும் நிற்கும் டிசி வோல்ட்டேஜ்) 14-ம் 9-ம் மில்லிவோல்ட், 50-க்குள் இருப்பதால் ஸ்பீக்கரை மாட்டினேன். பயாஸை இன்னும் ஏற்றலாமே என்று ஆசை வந்தது, ஆனால் இப்போதே ஒரு சேனல் சும்மா இருக்கும்போது 4.5 வாட் சூடு தருகிறது, இந்தச் சின்ன ஹீட் சிங்க் இரண்டு மடங்கைத் தாங்காது. வேண்டாம்.

ராத்திரி அதே குரல், அதே மெல்லிய சத்தம். இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது.