‘பால்’ எங்கே என்று கேட்டார்கள்

2023 மே மாதம், மகளுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது, பெங்களூரில் ஒரு தனியார் மையத்தில் அவளுடைய வளர்ச்சியை மதிப்பிட்ட பெண்மணி, மேசையில் பந்து, கரண்டி, கார், பொம்மை ஆகியவற்றைப் பரப்பிவைத்து, ‘பால்’ எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகள் மேசையைப் பார்க்கவில்லை. என் தோள்பையைப் பார்த்தாள். அதற்குள்தான் அவளுடைய பால் புட்டி இருந்தது. கேட்ட சொல்லுக்கு அவள் சரியான விடையையே தந்திருந்தாள் என்பது வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் ‘பொருள்களின் பெயர் புரியவில்லை’ என்று தாளில் ஏறிவிட்டது.

அதற்கு முன்பே குழந்தை மருத்துவர், ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பார்க்கும் எம்-சாட் என்னும் 20 கேள்வித் தாளை எங்களைக் கொண்டு நிரப்பச் செய்து, காது கேட்கிறதா என்று உறுதிசெய்யும் பெரா சோதனைக்கும் அனுப்பியிருந்தார். சிறு குழந்தைகளுக்குத் தூங்கும்போதுதான் அச்சோதனையைச் செய்ய முடியும் என்பதால் அவளை நள்ளிரவு தாண்டியும் விழிக்கவைத்துக் கூட்டிச்சென்றோம். வழியெல்லாம் தூங்கியவள் அங்கே போனதும் விழித்துக்கொண்டாள். இரண்டாம் முறை சோதனை முடிந்தது. காதில் குறை ஏதுமில்லை.

அறிக்கையில் ஆட்டிசம் என்று வந்தது. நாளிதழ்களில் இதை ‘மன இறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். கட்டிலைச் சுற்றி ஓடி ஓடித் தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும் பிள்ளையிடம் எந்த இறுக்கத்தைக் கண்டார்களோ தெரியவில்லை, நாங்கள் ஆட்டிசம் என்றே சொல்கிறோம். அறிக்கையோடு ஓர் அறிவுரையும் வந்தது: வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் என்று குழந்தையைக் குழப்பாதீர்கள், இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். நாங்கள் அலசூரில் குடியிருக்கிறோம்; நானும் கணவரும் அலுவலக ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்தோம், என் அத்தைக்கு அதுவும் கிடையாது. பகலெல்லாம் பேத்தியைப் பார்த்துக்கொள்பவர் அவர். தம்முடைய பேச்சால் குழந்தைக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று அஞ்சி, ஐந்து மாதங்கள் ஏறக்குறைய ஊமையாகவே அவளுக்குச் சோறூட்டினார். மகளிடம் அப்போதிருந்த பதினொரு சொற்களில் அக்டோபரில் நான்குதான் மிஞ்சியிருந்தன. ஆட்டிசத்தில், ஏற்கெனவே பேச வந்த சொற்கள் மறைவதும் உண்டு என்பதால், மொழியை மாற்றியதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குச் சென்றோம். விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கவேண்டியிருந்தது; ஒரே நாளில் முடியவுமில்லை. அங்கே மகளைச் சோதித்தவர் முதலில் கேட்டது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதைத்தான். தமக்குத் தமிழ் அரைகுறை என்று சொல்லி, கேள்விகளை என்னைக் கேட்கச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கி அமர்ந்து கவனித்தார். ‘பந்து எங்கே?’ என்றேன், எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதோ கூடுவதோ இல்லை, உங்களுக்குத் தடையில்லாமல் வாயில் வரும் மொழியையே பேசுங்கள் என்றார் அவர். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அத்தை எதுவும் பேசாமல் எழுந்துபோய்ப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். மதிப்பீட்டுக்குச் செல்லும் பெற்றோர், குழந்தை வீட்டில் கேட்கும் மொழியிலேயே அவளைச் சோதிக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

பேச்சுப் பயிற்சி 45 நிமிட அமர்வாக வாரம் இரண்டு நாள் நடந்தது. ஓர் அமர்வுக்கு 900 ரூபாய். அந்தச் செலவுதான் எங்களை, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் யுடிஐடி என்னும் அடையாள அட்டையின் பக்கம் தள்ளியது. இணையத்தில் விண்ணப்பிப்பது எளிதாகவே இருந்தது, ஆனால் என் ஆதாரிலும் அவளுடைய ஆதாரிலும் திருப்பத்தூர் முகவரி இருந்ததால், அதை மாற்றி முடிக்கவே இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. மருத்துவக் குழுவின் முன் ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோலின் 40 கேள்விகளைக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அவளுக்கு 94 வந்தது, அதாவது லேசான வகை. பிள்ளையால் என்னென்ன முடியும் என்று பெருமையாகச் சொல்லவே பழகிய வாய்க்கு, முடியாதவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லவேண்டியிருந்த அந்த அரைமணி நேரம் பெரும்பாடாக இருந்தது. பின்னர் மஞ்சள் நிற அட்டை வந்தது. அதைக்கொண்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான நிராமயா என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தோம். கணவர் பழைய வரி முறையில் இருந்ததால் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவின் கீழ் 75,000 ரூபாய்க் கழிவும் கிடைத்தது.

பள்ளிக்கு அந்த அட்டை உதவும் என்று நம்பியிருந்தேன். ஆறு பள்ளிகளில் விசாரித்தோம். நான்கில், மகளை முன்வைத்துக்கொண்டே, ‘உங்கள் குழந்தைக்கு ஏற்ற இடம் வேறு இருக்கும்’ என்று இனிக்க இனிக்கச் சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் வழங்கும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. எல்கேஜி வாசலில் நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு, சட்டத்தைக் காட்டிச் சண்டையிட்டு ஓர் இடத்தைப் பெற்றாலும், அங்கே அன்பைச் சண்டையிட்டுப் பெற முடியாது என்று தோன்றியது. ஐந்தாவது பள்ளியின் தலைமையாசிரியை, சான்றிதழைப் புரட்டாமல், அவள் எதற்கு அழுவாள், எப்படி அமைதியாவாள் என்று கேட்டார். 2025 ஜூனில் அங்கேயே சேர்த்தோம்.

வகுப்பு ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் கன்னடந்தான் பேச்சு. ஆகவே மகள் பயன்படுத்தும் 32 தமிழ்ச் சொற்களை, பக்கத்து வீட்டுக்காரர் உதவியுடன் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கை அங்கேயும் கைதான், நம் ‘வா’ அவர்களுக்குப் ‘பா’. இரண்டாம் வாரம் டைரியில் ஒரு கேள்வி வந்தது: ஊஞ்சலிலிருந்து இறக்கினால் ‘ஒண்ணே ஒண்ணு’ என்கிறாளே, என்ன பொருள்? கடைசிக் கவளத்தை ஊட்டும்போது அத்தை கெஞ்சும் சொல் அது. கேட்ட தொடரை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு வேறோர் இடத்தில் தன் தேவைக்குப் பயன்படுத்துவது இத்தகைய குழந்தைகளின் வழக்கம் என்று பயிற்சியாளர் முன்பே விளக்கியிருந்தார். ‘இன்னும் வேண்டும் என்று பொருள்’ என எழுதி, அதையே பட்டியலில் 33ஆவது சொல்லாகச் சேர்த்து அனுப்பினேன்.