வீசிங் இருக்குன்னு சொன்னது நல்லதாப் போச்சு

இரண்டாவது பிரசவத்துக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை, ஒரு சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்று கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். பி.பி. உண்டா, வலிப்பு வந்திருக்கா, கால் நரம்பில் ரத்தம் கட்டியதுண்டா, வீசிங் உண்டா. "வீசிங் இருக்கு சிஸ்டர், இன்ஹேலர் வச்சிருக்கேன்" என்றேன். அத்தை என் கையைக் கிள்ளினார். சிஸ்டர் நகர்ந்ததும், "அதையெல்லாம் எதுக்கும்மா சொல்ற? பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு அனுப்பிருவாங்க" என்று கடிந்துகொண்டார். சொந்தத்தில் ஒருத்தியை நடுராத்திரியில் அப்படி அனுப்பியிருந்தார்கள். அத்தை பயந்ததிலும் நியாயம் இருந்தது.

விடியற்காலை நாலு மணி சுமாருக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. கர்ப்பப்பை சுருங்க எல்லோருக்கும் போடுகிற ஆக்ஸிடோசின் ஊசியைத் தொடையில் போட்டார்கள், நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. குழந்தையைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குக் கீழே வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. எனக்கு வலியே இல்லை. சிஸ்டரின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

அப்புறம் எல்லாம் வேகம். ஒருவர் என் வயிற்றை மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தார். பிரசவ வலியே தேவலை என்றிருந்தது. கர்ப்பப்பை சுருங்கவில்லையாம். சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் இறுகும். இன்னொரு கையிலும் ஊசி குத்தி, ஆக்ஸிடோசின் கலந்த ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். "ஃப்ரிட்ஜ்ல இருந்து கார்போப்ரோஸ்ட் எடுக்கவா?" என்று ஒரு குரல். "வேண்டாம், வீசிங் கேஸ்." "மெத்தர்ஜின்?" "பி.பி. நூத்தம்பது இருக்கு, அதுவும் வேண்டாம்." முந்தின நாள் கேட்ட கேள்விகளுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. இரண்டுமே கர்ப்பப்பையைச் சுருக்குகிற மருந்துகள்தான். ஆனால் கார்போப்ரோஸ்ட் மூச்சுக்குழாயையும் சுருக்கிவிடும். மெத்தர்ஜின் பி.பி.யை இன்னும் ஏற்றிவிடும். அதற்குப் பதில், கர்ப்பப்பையைச் சுருக்குகிற மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிப்போகிற குளிர், நடுக்கம். அந்த மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று சொன்னார்கள்.

"ட்ரானெக்சா ஒரு கிராம், மெதுவா" என்றார் டாக்டர். டிரானெக்ஸாமிக் ஆசிட் என்கிற, ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து அது. சின்னச் சின்னக் கண்ணாடி ஆம்பூல் இரண்டை உடைத்து ஒரே சிரிஞ்சில் இழுத்தார் சிஸ்டர். ஐந்து மில்லி, ஐந்து மில்லி, மொத்தம் பத்து. இடது கையில் சிரிஞ்ச், கண் சுவர்க் கடிகாரத்தில். நிமிஷத்துக்கு ஒரு மில்லி என்று பத்து நிமிஷம் ஏற்றினார். எல்லாரும் ஓடும்போது இவர் மட்டும் ஏன் இப்படி நிதானமாக நிற்கிறார் என்று எனக்கு எரிச்சல். சட்டென்று தள்ளினால் பி.பி. விழுந்துவிடுமாம். அரை மணி நேரம் கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு கிராம். எனக்கு அது தேவைப்படவில்லை. நனைந்த துணிகளை எடைபோட்டுப் பார்த்ததில் 1,200 மில்லி போயிருந்தது. சுகப்பிரசவத்தில் 500 தாண்டினாலே அதிகம் என்பார்கள். வெளியே என் கணவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு யூனிட் ரத்தம் ஏறியது.

மூன்றாம் நாள் அதே சிஸ்டரிடம், அந்த ட்ரானெக்சா ரத்தத்தை உறைய வைக்கிற மருந்தா என்று கேட்டேன். உறைய வைப்பது உடம்பேதான் என்றார். உறைந்த கட்டியை உடம்பே கரைக்கவும் செய்யும், அந்தக் கரைப்பை இது தடுக்கிறது. அதனால்தான் முன்பே ரத்தக்கட்டி வந்தவரா என்று கேட்கிறார்கள். மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போவதற்கு என் அக்கா போடுகிற மாத்திரையிலும் இதே டிரானெக்ஸாமிக் ஆசிட்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பால் கொடுக்கும் ராத்திரிகளில் போனில் தேடிப் படித்தேன். 1962-இல் ஜப்பானில் உதாகோ ஒகமோதோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்தது இது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களுக்காகத்தான் அந்த அம்மா இதில் இறங்கினார். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்திருக்கிறார். பிரசவத்தில் பரிசோதித்துப் பார்க்க அங்கிருந்த டாக்டர்களைச் சம்மதிக்க வைக்க அவரால் முடியவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது: மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். முடிவு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு அந்த அம்மா இறந்துவிட்டார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு அத்தையும் கூட வந்தார். நர்ஸ் குழந்தையின் அட்டையைத்தான் கேட்டார். அத்தை விடவில்லை. "இவளுக்கு வீசிங் இருக்கும்மா, பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சு, பி.பி. மாத்திரை போட்டா, எழுதிக்கோங்க" என்றார். "ஊசி பாப்பாவுக்குத்தானே பாட்டி" என்று நர்ஸ் சிரித்தார். "இருக்கட்டும், எழுதிக்கோ" என்று அட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார் அத்தை.