சொக்கப்ப நாயக்கன் தெரு மாடி அறை

மதுரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மீனாட்சியைத் தரிசித்த கையோடு பஸ் ஏறிவிடுவது வழக்கம். கோயிலுக்குப் பக்கத்திலேயே, சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மந்திரம் என்ற ரமணர் நினைவு இல்லம் இருப்பது தெரிந்தும், போன ஆடியில்தான் அக்காவோடு அதன் படியேற வாய்த்தது.

1896 ஜூலை நடுவில், 16 வயது வேங்கடராமனுக்கு, அப்போது சிற்றப்பா வீடாக இருந்த இதன் மாடியில்தான் திடீரென்று மரண பயம் வந்தது. நோய்நொடி எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டார். இந்த உடம்பைச் சுடுகாட்டில் எரித்துவிட்டால் நானும் போய்விடுவேனா என்று தனக்குள்ளே பார்த்தார். அந்தப் பிள்ளைதான் பகவான் ரமணர்.

அந்த அறையில் கண்மூடி உட்கார்ந்தேன். இடது கால் மரத்தது. மாற்றிப் போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மரத்த காலோடு ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அது நான்தான். பின்கழுத்தில் முடி உதிர்ந்த இடம், ரவிக்கைக்கு மேலே தெரிந்த தாலிக்கயிற்றின் மஞ்சள், மடியில் பையை விடாமல் பற்றியிருந்த கை. என் பின்கழுத்தை நான் எப்போது பார்த்தேன்? பயம் வரவில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அவள்மேல் இரக்கம்தான் பொங்கியது. இத்தனை வருஷம் இவளை எவ்வளவு ஏசியிருக்கிறேன்!

அக்கா தோளைத் தொட்டதும் கலைந்துவிட்டது. இதைப் பெரிய யோக சித்தி என்று நான் நினைக்கவில்லை. எந்தக் காட்சியைச் சொன்னாலும் அது யாருக்குத் தோன்றியது என்றுதான் பகவான் கேட்பார். வெளியே நின்று பார்த்தவளையும் ஒன்று அறிந்துகொண்டிருந்ததே, அது எது? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடியும் கோயிலுக்குப் போனோம். அந்த மரண பய அனுபவத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 29 அன்று திருவண்ணாமலைக்குக் கிளம்பும்வரை, வேங்கடராமன் மாலை நேரங்களில் இங்கே வந்து அறுபத்து மூவர் முன்னால் கண்ணீர் பெருக நிற்பாராம். வழக்கமாக அந்த வரிசையைக் கும்பிட்டுக்கொண்டே கடந்துவிடுவேன். அன்று காரைக்கால் அம்மையாரிடம் வந்ததும் கால் நகரவில்லை. அழகும் சதையுமாக இருந்த உடம்பை வேண்டாம் என்று உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கியவர் அவர். தாயே, உதறிய பிறகு அந்த உடம்பைத் திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அக்காவும் அவசரப்படுத்தவில்லை.